பம்பாய், 1966: அயலாராக்கப்பட்டவர்களின் காதலை இளையோர் நாவலாக எழுதும் முறை

மும்பையில் தமிழில் எழுத முயலும் இளைஞர்கள் சிலருடன் ஞாயிறுதோறும் அமர்ந்து, அவர்களுடைய கையெழுத்துப் படிகளை வாசித்துத் திருத்தங்கள் சொல்வதைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அவற்றுள் அடிக்கடி வருவது ஒரே கதைதான்: இரண்டு சமூகங்களைச் சேர்ந்த ஒரு பையனும் பெண்ணும் விரும்புகிறார்கள், பெற்றோர் எதிர்க்கிறார்கள், கடைசியில் ஒரு ரயில் நிலையத்தில் ஓட்டமோ பிரிவோ நிகழ்கிறது. காதலும் எதிர்ப்பும் அதில் இருக்கும். எந்த ஆண்டு, எந்தத் தெரு, யார் யாரை எந்தச் சொல்லால் தள்ளிவைத்தார்கள் என்பது மட்டும் இருக்காது. அந்தக் குறையைத் தீர்க்கும் வழியை, பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுவரையுள்ள வாசகர்களுக்காக வரலாற்று நாவல் எழுத விரும்புகிறவர்களுக்கு, பம்பாயையே எடுத்துக்காட்டாக வைத்து இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். வெறுப்பு என்பது கதையில் வரும் கெட்டவனுடைய தனிச் சொத்து அன்று. ஒரு வாசலில் தள்ளப்பட்டவர் இன்னொரு வாசலில் தானே நின்று பிறரைத் தள்ளுகிறார். அதை நேர்மையாகக் காட்டாத நாவல், எத்தனை கண்ணீரைச் சிந்தினாலும், இளம் வாசகருக்குத் தன் வீட்டை அடையாளம் காட்டாது.

யாரை யாரோடு சேர்ப்பது

அறுபதுகளின் பம்பாயில், தென்னிந்தியாவில் பிறந்த எவரும் ‘மதராசி’தான். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அப்படிப் பார்க்கவில்லை. 1896இல் பரவிய பிளேக் நோய்க்குப் பின் அமைக்கப்பட்ட பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை தாதர், மாதுங்கா பக்கங்களில் மனை பிரித்துத் தெரு போட்டபோது, அலுவலகங்களில் எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வந்த தென்னிந்தியர்கள் மாதுங்காவில் குடியேறினார்கள். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே உருவாயிற்று. மத்திய ரயில்வேயின் தண்டவாளத்தைத் தாண்டினால் தாராவி. அங்கே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஆதி திராவிடரும் இசுலாமியரும் தோல் பதனிடும் வேலையில் இருந்தார்கள். தெருவில் ‘லுங்கிவாலா’ என்று கத்தியவனுக்கு இரு கரையும் ஒன்று. மாதுங்காவின் பல வீடுகளுக்கோ தாராவி என்பது பெயர் சொல்லக்கூடாத இடம்.

ஆகவே எழுத வருகிற பெரும்பாலோர் மாதுங்காப் பெண்ணையும் தாராவிப் பையனையும் தேர்ந்தெடுக்கிறார்கள். அது தவறன்று; ஆனால் அந்த இணையில் மேல், கீழ் என்ற கோடு முதல் பக்கத்திலேயே போடப்பட்டுவிடுவதால், எவர் எங்கே நிற்பார் என்பதை வாசகர் முன்கூட்டியே அறிந்துவிடுகிறார். நான் பரிந்துரைப்பது வேறு: தாராவியின் தோல் தொழிலாளியின் மகளான ஒரு தமிழ்ப் பெண், நாய்காவ் பி.டி.டி. சாலில் (ஒற்றை அறைத் தொழிலாளர் குடியிருப்பில்) வசிக்கும் மில் தொழிலாளியின் மகனான ஒரு மராத்திய பௌத்தப் பையன். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் பௌத்தம் தழுவியபோது அவரைப் பின்பற்றிய இலட்சக்கணக்கானோரில் அவனுடைய பெற்றோரும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் ஊருக்குள் மொழியால் உள்ளவன், சாதியால் வெளியே உள்ளவன். அவளோ மொழியாலும் வெளியே, சாதியாலும் வெளியே. ஆனால் தன் சந்துக்குள் நெருங்கிய உறவுக் கூட்டத்தின் நடுவில் வாழ்கிறவள். இரண்டு குடும்பங்களுக்கும் ஒரே காயம் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரே மொழி இல்லை. அவளுடைய வீட்டார் அவனை ‘மராத்திக்காரன், நம்மை விரட்டுகிற கூட்டம்’ என்பார்கள். அவனுடைய வீட்டார் அவளை ‘மதராசி, தோல்காரர் வீட்டுப் பெண்’ என்பார்கள். இருவருமே தாங்கள் கேட்டு வருந்திய சொற்களையே அடுத்தவருக்கு எடுத்துக் கொடுப்பதை வாசகர் தாமாகவே பார்ப்பார். நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

பெயரிலிருந்தே வேலையைத் தொடங்கலாம். பையனுக்கு ‘காம்ப்ளே’ என்று குடும்பப் பெயர் இருந்தால், மராத்தி அறிந்த எவருக்கும் அவன் யார் என்பது அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். பெண்ணுக்குப் பேச்சியம்மாள் என்று நெல்லைத் தெய்வத்தின் பெயரை வைத்தால், பம்பாயின் படிவங்களில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை எப்படி நிரப்புவது என்று அவளுடைய தகப்பனார் திகைத்து நிற்பதே ஒரு காட்சியாகிவிடும். தலைப்பெழுத்து மட்டும் உடைய மனிதரிடம் மூன்று பெயர் கேட்கும் ஊர் அது. அவர் ஊர்ப் பெயரைச் சொல்வாரா, தம் தந்தையின் பெயரைச் சொல்வாரா, எழுத்தர் தம் விருப்பத்துக்கு எதையாவது எழுதிக்கொள்வாரா? மூன்றாவதுதான் நிகழும் என்பது என் கணிப்பு. அந்தப் பெயரை அவள் சுமந்தாக வேண்டும்.

ஒன்பது மாதங்கள் போதும்

வரலாற்று நாவல் என்றவுடன் தலைமுறைகளை அளக்கத் தொடங்கிவிடாதீர்கள். இளையோர் நாவலுக்கு ஒரு குறுகிய காலம் போதும். அந்தக் காலத்துக்குள் ஊரின் காற்று மாற வேண்டும். 1966 ஜூன் முதல் 1967 மார்ச் முதல் வாரம்வரை என்று எடுத்துக்கொண்டால், தேவையானவை அனைத்தும் அதற்குள் வந்துவிடும். 1966 ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை, பால் தாக்கரே சிவசேனையைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1960 முதல் அவர் நடத்திவந்த ‘மார்மிக்’ வார இதழில், பம்பாய் அலுவலகங்களில் பணிபுரியும் வெளிமாநிலத்தாரின் பெயர்கள் பட்டியலாக வந்துகொண்டிருந்தன. ‘வாச்சா ஆணி தண்ட் பஸா’, அதாவது படித்துவிட்டுச் சும்மா இருங்கள் என்பது அதன் தலைப்பு. பிறகு அது படித்துவிட்டு எழுந்திருங்கள் என்று பொருள்படும் தலைப்பாக மாறிற்று. அக்டோபர் 30, மீண்டும் ஒரு ஞாயிறு, சிவாஜி பூங்காவில் பெருங்கூட்டம் கூடிற்று. கலைந்தவர்களில் சிலர் உடுப்பிச் சிற்றுண்டிக் கடைகளின்மீது கல்லெறிந்தார்கள். 1967 பிப்ரவரித் தேர்தலில் வடகிழக்குப் பம்பாய்த் தொகுதியில் மலையாளியான கிருஷ்ண மேனன் தோற்றார். அதே தேர்தலில் சென்னை மாநிலத்தில் தி.மு.க. வென்று, மார்ச் 6 அன்று அண்ணா முதலமைச்சரானார். தாராவித் தேநீர்க் கடையில் ஒரே பத்திரிகையின் ஒரு பக்கத்தைக் கண்டு ஆரவாரமும் மறு பக்கத்தைக் கண்டு அச்சமும் எழுந்திருக்கக்கூடிய நாட்கள் அவை.

இவற்றை அறிந்துகொண்ட பிறகு செய்ய வேண்டிய கடினமான வேலை, இவற்றில் பெரும்பகுதியைக் கதைக்கு வெளியே வைப்பது. அதே ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டு, ஒரு டாலர் 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசாயிற்று. பொருளாதார வரலாற்றில் அது பெரிய நிகழ்ச்சிதான். பேச்சியின் குடும்பத்தில் அதைப் பற்றி ஒருவரும் பேசியிருக்கமாட்டார்கள். ஆகவே நாவலிலும் வேண்டாம். ரேஷன் கடையில் என்ன தானியம் போடுகிறார்கள் என்பதுதான் அவர்களுக்குச் செய்தி. வறட்சியின் ஆண்டுகள் அவை. அமெரிக்கக் கோதுமை கப்பலில் வந்திறங்கிக்கொண்டிருந்தது. சோறு தின்று வளர்ந்த நெல்லைக் குடும்பத்துக்குக் கோதுமையை என்ன செய்வதென்று தெரியாமல் போவதும், தாராவியில் வசிக்கும் தன் ஆத்யாவுக்காக (மராத்தியில் அத்தை) வரிசையில் நிற்கும் அந்தப் பையன் தனக்குக் கிடைத்த அரிசியைக் கொடுத்துக் கோதுமையை வாங்கிக்கொள்வதும் அவர்களுடைய முதல் சந்திப்பாக அமையலாம்.

இன்னொரு எச்சரிக்கை. 1966 ஜூனில் சிவசேனை எவ்வளவு பெரிதாகும் என்று எவருக்கும் தெரியாது. பாத்திரங்களுக்கு வருங்காலத்தைக் கசியவிடாதீர்கள். அந்த இயக்கத்தில் சேரும் அண்டை வீட்டு இளைஞனை அரக்கனாகவும் வரையாதீர்கள். மெட்ரிக் தேறி இரண்டு ஆண்டுகளாக வேலைக்கு அலைகிறவன் அவன். வாரந்தோறும் அந்தப் பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டு வாசிக்கிறான். அவனுடைய பசி உண்மை. அந்தப் பசிக்கு யார் பெயரையோ காட்டிவிட்டவர்கள் வேறு. பட்டியலில் அச்சாகியிருந்தவை அலுவலர்களின் பெயர்கள். கல் விழுந்ததோ தட்டு கழுவுகிற பையன்கள் நின்ற கடைகளில். இந்த இடைவெளியை அவன் ஒரு கணம் உணர்ந்து, பிறகு உணராததுபோல் நடந்துகொள்வதை எழுத முடிந்தால், அந்த அத்தியாயம் நாவலின் நெஞ்சாக அமையும்.

கையும் வாயும்

கதைக்கான தரவுகளைத் தேடுகிறவர்கள் காலா கோடாவில் எல்பின்ஸ்டன் கல்லூரிக் கட்டடத்திலுள்ள மாநில ஆவணக் காப்பகத்துக்கும், கோட்டைப் பகுதியில் ஆசியக் கழக நூலகத்துக்கும், மராத்தி வாசிக்கத் தெரிந்தவர்கள் தாதரிலுள்ள மும்பை மராத்தி கிரந்த சங்கிரகாலயத்துக்கும் போகலாம். பழைய நாளிதழ்களில் தலையங்கத்தைவிட விளம்பரங்களையும் ‘வாடகைக்கு வீடு’ அறிவிப்புகளையும் நிதானமாகப் பாருங்கள். ஆயினும், வெறுப்பு எங்கே குடியிருக்கிறது என்பதை ஆவணத்தைவிட வேலை செய்த கை நன்றாகச் சொல்லும். தாராவியின் பெரியவர்களிடம் போய் ‘உங்களை எப்படி நடத்தினார்கள்?’ என்று கேட்காதீர்கள். ‘எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு’ என்று முடித்துவிடுவார்கள். தொட்டிக்கு எத்தனை தோல், சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது, மதியச் சோறு யார் கொண்டுவந்தார், எங்கே கை கழுவினீர்கள் என்று கேளுங்கள். கேட்ட பிறகு, அவர் பெயரையோ அடையாளத்தையோ அவர் அனுமதியின்றிக் கதையில் வைக்காதீர்கள்.

பாந்த்ராவிலிருந்த அறுப்புக்கூடம் 1971இல் தேவனாருக்கு மாறும்வரை, பச்சைத் தோல் மாஹிம் கழிமுகத்தைத் தாண்டித் தாராவிக்கு வந்துகொண்டிருந்தது. உப்பிட்ட தோலை ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் கிடத்தி, மயிர் இளகிய பின் கத்தியால் வழித்து, கழுவி, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் பதப்படுத்துவார்கள். இதை அப்படியே பத்தி பத்தியாக எழுதினால் பாடப்புத்தகமாகிவிடும். அதனால் நான் மாணவர்களுக்கு எழுதிக் காட்டும் ஒரு துண்டை இங்கே தருகிறேன்:

பேச்சி தூக்குவாளியைக் கல்லின்மேல் வைத்தாள். அப்பா தொட்டியிலிருந்து ஏறிவந்து, கையைத் துண்டில் ஒற்றிக்கொண்டு, வாளியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். விரலிடுக்கெல்லாம் சுண்ணாம்பில் வெந்து வெளிறியிருந்தது. குழம்பு பட்டால் எரியும். “நீயே உருட்டிக் குடுத்துரு தாயி” என்றார். அவள் உருட்டிக் கொடுத்தாள். ஐந்தாவது உருண்டையில், “போதும், உனக்கு?” என்றார். “நான் வீட்ல தின்னுட்டேன்” என்றாள். வீட்டில் சோறு இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

இதில் சாதி என்ற சொல்லே இல்லை. ஆனால் இந்தக் கையை நினைவில் வைத்துக்கொண்டு, பையனுடைய வீட்டுக்குப் போங்கள். பம்பாயின் பருத்தி ஆலைகளில் நெசவுப் பகுதியில் கூலி கூடுதல். தறியின் நாடாவில் நூல் தீரும்போது, புது நூலின் நுனியை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்தது. அந்த எச்சிலைக் காரணம் காட்டியே மற்றச் சாதித் தொழிலாளிகள் மகர்களை, அதாவது பையனுடைய குடும்பம் பிறந்த சாதியினரை, நெசவுப் பகுதியில் சேரவிடவில்லை. அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்களின் முன்னிலையில் வெளிப்படையாக எடுத்துரைத்தார். பையனின் தாத்தா ஆயுள் முழுவதும் நூற்புப் பகுதியிலேயே இருந்து ஓய்ந்தவர் என்று வைத்துக்கொண்டால், ஒரு குடும்பத்தின் வரலாறு வாயிலும், மற்றொரு குடும்பத்தின் வரலாறு கையிலும் எழுதப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். அதன் பிறகு இந்த நாவலின் காதல் காட்சி எது என்பதில் உங்களுக்கு ஐயம் இராது. கடற்கரையும் மழையும் தேவையில்லை. அவளுடைய கையிலிருந்து ஒரு உருண்டைச் சோற்றை அவன் வாயில் வாங்கிக்கொள்கிறான். அதற்கு முன், கொடுக்கலாமா என்று அவளும் வாங்கலாமா என்று அவனும் ஒரு கணம் தயங்க வேண்டும். ஏனெனில் இருவரும் அவரவர் வீட்டில் மற்றவரைப் பற்றிக் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள்.

அலரும் ஆச்சியும்

தடை செய்யப்பட்ட காதலைச் சொல்வதற்குத் தமிழில் ஆயத்த வழி ஒன்று இரண்டாயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. நம் இளைஞர்கள் அதை மறந்துவிட்டுத் திரைப்படத்தின் வழியைப் பிடித்துக்கொள்வது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. களவு (மறைவான காதல்), அலர் (ஊர்ப் பழிப்பேச்சு), இற்செறிப்பு (பெண்ணை வீட்டில் அடைத்தல்), அறத்தொடு நிற்றல் (காதலை வீட்டாருக்கு வெளிப்படுத்தல்), உடன்போக்கு (காதலனோடு ஊரைவிட்டுச் செல்லுதல்) என்று சங்க அகப்பாடல்கள் வகுத்த படிகளை அப்படியே ஒரு தாராவிச் சந்தில் பொருத்திப் பாருங்கள். அலர் தூற்றுவது ஊர். அந்த ஊர் எங்கே கூடுகிறது? விடியற்காலைக் குழாயடியில். தண்ணீர் வரும் நேரத்தில் தகரங்களை வரிசையில் வைத்துவிட்டு நிற்கும் பெண்கள், “ஏட்டி, ஒம் மவ எங்கிட்டுப் போயிட்டு வாரா?” என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வதில் அலர் முழுமையாக வந்துவிடுகிறது. மறுநாள் அவளுடைய தாயின் தகரம் வரிசையில் பின்னால் தள்ளப்பட்டிருக்கும். எவரும் ஒரு வசைச் சொல்லும் சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் கிடைக்கவில்லை. இற்செறிப்பு என்பது பத்துக்குப் பத்துக் குடிசையில் எப்படி நடக்கும் என்று யோசியுங்கள்: அடைத்து வைக்க ஓர் அறை இல்லாத வீட்டில், அவளை அடைப்பது ஒரு தம்பியின் கண்தான். தோழியையும் வளர்ப்புத் தாயான செவிலியையும் மறக்காதீர்கள். இளையோர் நாவலில் தோழிக்கென்று தனி வாழ்க்கையும் தனி அச்சமும் இருக்க வேண்டும்; தூது போவது மட்டும் அவள் வேலையன்று.

நெல்லையிலிருந்து வந்தவர்களுக்கு இன்னும் அருகில் ஒன்று உண்டு. முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டில் கேட்காதவர் அந்தத் தலைமுறையில் குறைவு. பிராமணனாகப் பிறந்த முத்துப்பட்டன், பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் குலப் பெண்களை விரும்பினான். அவர்களுடைய தகப்பன் வாலப்பகடை கேட்டபடி பூணூலையும் குடுமியையும் களைந்து, செருப்புத் தைக்கவும் கற்றுக்கொண்டு அவர்களை மணந்தான். மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்டான். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில், சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன் பட்டவராயன் என்ற பெயரில் தெய்வமாக நிற்கிறான். நேர்ந்துகொண்டவர்கள் அவனுக்குத் தோல் செருப்பைக் காணிக்கையாகச் சாத்துகிறார்கள். இப்போது பேச்சியின் ஆச்சியை நினைத்துப் பாருங்கள்: சாதி கடந்து மணந்தவனைக் கும்பிட்டு, அவனுக்குச் செருப்புச் செய்து அனுப்பும் வீட்டின் மூத்தவள், தன் பேத்தி வேறொருவனை விரும்பினாள் என்று தெரிந்தவுடன் அவள் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறாள். இரண்டும் ஒரே மனத்தில் இருக்கின்றன. அந்த ஆச்சியை உங்களால் வெறுக்காமல் எழுத முடிகிறதா என்பதே இந்த நாவலை எழுதும் தகுதி உங்களுக்கு வந்துவிட்டதா என்பதற்குச் சோதனை.

அந்தக் கதையின் ஒரு வடிவத்தில், அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்ததை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று ஒரு பகுதி பின்னாளில் ஒட்டப்பட்டிருக்கிறது. காதலர்களைத் தெய்வமாக ஏற்றுக்கொண்ட பிறகும், மீறலை மட்டும் எவரோ அழித்துவிட முயன்றிருக்கிறார்கள். நாவலில் ஆச்சி ஒரு வடிவத்தையும், அம்மா மறு வடிவத்தையும் சொல்லட்டும். எது உண்மை என்று பேச்சி கேட்கும் இடத்தில், வெறுப்பு கதைகளையும் திருத்தி எழுதும் என்பது பதினைந்து வயது வாசகருக்கும் விளங்கிவிடும்.

எந்த மொழியில் பேசுவார்கள்

அவர்கள் இருவரும் பம்பாய் இந்தியில்தான் பேசியிருப்பார்கள். இருவருக்கும் அது தாய்மொழியன்று. இந்தச் சங்கடம் நாவலுக்குப் பெரும் கொடை. அவள் தமிழில் அவனை ‘நீங்க’ என்று நினைக்கிறாள். வாயிலிருந்து ‘தூ’ என்று வந்துவிடுகிறது, ஏனென்றால் சந்தையில் கற்ற இந்தியில் அவளுக்கு அது ஒன்றுதான் தெரியும். அவன் சிரிக்கிறான். ‘நீங்க’விலிருந்து ‘நீ’க்குப் போகத் தமிழ்க் காதலர்களுக்குப் பல அத்தியாயங்கள் தேவைப்படும், இவர்களுக்கு முதல் வாக்கியத்திலேயே நிகழ்ந்துவிட்டது. மராத்தி, இந்திச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். கோலி, சால், பாக்ரி, சேட்டு போன்றவை இரண்டாம் முறை வரும்போது இடத்தாலேயே பொருள்படும். ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கொடுத்தால் வாசகரை வெளியாளாக நடத்துகிறீர்கள் என்று பொருள். கதைசொல்லியின் நடை எழுத்துத் தமிழாக இருக்கலாம். தாராவியின் பேச்சு நெல்லைத் தமிழாகவே இருக்க வேண்டும். ‘மைனி’யைச் சென்னை ‘அண்ணி’யாக மாற்றாதீர்கள்.

காலத்துக்குப் பொருந்தாத சொற்கள் நாவலைக் கெடுத்துவிடும். பாத்திரங்கள் பம்பாய் என்றுதான் சொல்வார்கள். மும்பை என்பது 1995க்குப் பிறகே அரசுப் பெயர். சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறியது 1969 ஜனவரி 14 அன்று. அதற்கு முன் பேச்சியின் தகப்பனார் ‘ஊருக்கு’ என்பார், அல்லது ‘திருநவேலிக்கு’ என்பார். டிராம் 1964 மார்ச்சோடு நின்றுவிட்டது. தொலைக்காட்சி பம்பாய்க்கு வந்தது 1972 அக்டோபர் 2 அன்று. நானே தொடக்கக் காலக் கதையொன்றில் 1968ஆம் ஆண்டுத் தாராவியில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியை வைத்துவிட்டேன், என் அத்தை வாசித்த உடனே கண்டுபிடித்தார். ‘தலித்’ என்ற சொல்லில் கூடுதல் கவனம் தேவை. 1958இலேயே பம்பாயில் தலித் இலக்கிய மாநாடு நடந்திருப்பதால், சித்தார்த்தா கல்லூரியில் படிக்கும் அந்த மராத்திய இளைஞன் அதை அறிந்திருப்பான். தாராவித் தமிழ்ப் பெண்ணின் வாயில் அந்தச் சொல் அப்போது வந்திராது. அவன் அந்தச் சொல்லை அவளுக்குக் கற்றுத்தருகிற காட்சியில் காதலும் அரசியலும் பிரிக்க முடியாதபடி இணைந்துவிடும்.

வசைச் சொற்களை என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். ‘லுங்கி ஹட்டாவ், புங்கி பஜாவ்’ (லுங்கியை விரட்டு, ஊதலை ஊது) என்ற முழக்கத்தையும், தென்னிந்திய மொழிகளைக் கேலி செய்த ‘யண்டு குண்டு’ என்ற சொல்லையும் மறைத்துவிட்டு அந்தக் காலத்தை எழுத முடியாது. என் வழி இது: வசைச் சொல் பாத்திரத்தின் வாயில் வரலாம், கதைசொல்லியின் வாயில் ஒருபோதும் வரக்கூடாது, ஒரு முறை வந்தால் அதன் விளைவைக் குறைந்தது ஒரு பக்கமாவது தொடர வேண்டும். வன்முறையும் அப்படியே. கடை உடைபடுவதை விரிவாக எழுதுவதைவிட, மறுநாள் காலையில் கண்ணாடித் துண்டுகளுக்கிடையில் இட்லித் தட்டுகளைப் பொறுக்கும் பையனை எழுதுங்கள்.

சட்டமும் முடிவும்

பெரும்பாலான கையெழுத்துப் படிகள் பதிவுத் திருமணத்தில் முடிகின்றன. எழுதியவர்கள் சட்டத்தைப் பார்ப்பதில்லை. 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்து, அது அலுவலகத்தில் முப்பது நாட்கள் எவரும் பார்க்கும்படி இருந்து, பிறகு மூன்று சாட்சிகளின் முன்னிலையில்தான் மணம். அலரை அரசே சுவரில் ஒட்டியதுபோன்ற ஏற்பாடு அது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் பௌத்தர்களுக்கும் பொருந்தும் என்பதால், இந்தக் காதலர்கள் அதன்கீழும் மணக்கலாம். அப்போது அதில் பெண்ணின் குறைந்தபட்ச வயது 15, ஆணுக்கு 18. ஆனால் பெண்ணுக்கு 18 நிறையாவிட்டால் காப்பாளரின் ஒப்புதல் வேண்டியிருந்தது. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்புத் தந்த 1967ஆம் ஆண்டுத் திருத்தமோ சென்னை மாநிலத்துக்கு மட்டுமே உரியது. பம்பாயில் அது செல்லாது. உங்கள் கதையில் அவளுக்கு 17, அவனுக்கு 18 என்றால், அவளுடைய தகப்பனார் தலையசைக்காமல் எந்த வாசலும் திறக்காது.

இதைத் தடையாக எண்ண வேண்டாம். திருமணத்தில் முடிக்க இயலாது என்பது உறுதியாகிவிட்டால், எதில் முடிப்பது என்று உண்மையாகவே யோசிக்கத் தொடங்குவீர்கள். நம் நாட்டுப்புறக் கதைகள் இத்தகைய காதலர்களைக் கொன்று தெய்வமாக்கிவிட்டன. இளையோர் நாவலில் அதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மும்பையில் அப்படி மணந்து, ஒரு கோலியை வாடகைக்குப் பிடித்து, பிள்ளை வளர்த்து, கிழவனும் கிழவியுமாக இன்றும் வாழ்கிற இணைகளை நானே அறிவேன். எல்லாரும் மனம் மாறி விருந்துண்ணும் முடிவும் வேண்டாம். 1967 மார்ச்சில் யார் ஓர் அங்குலம் நகர்ந்திருப்பார் என்று மட்டும் பாருங்கள். என் ஊகம், அது தகப்பனார். சுண்ணாம்பில் வெந்த கையோடு உட்கார்ந்திருக்கும் அவர், மகள் வராத ஒரு நாள், அந்தப் பையன் தூக்குவாளியோடு வந்து நிற்பதைப் பார்க்கிறார். வாங்குவாரா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

எழுதி முடித்ததும் படியை இரண்டு பேரிடம் வாசித்துக் காட்டுங்கள்: எந்த வரலாறும் அறியாத ஒரு பதினைந்து வயதுக்காரர், அறுபதுகளின் தாராவியில் வளர்ந்த ஒரு முதியவர். இளையவர் எந்த இடத்தில் கைப்பேசியை எடுக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். முதியவர் இடைமறித்து, “அந்தக் குழாய் அங்கன இல்லயே, பிள்ளையார் கோயிலுக்கு இந்தாண்டல்லா இருந்துச்சு” என்று தொடங்கினால், வாசிப்பை நிறுத்திவிட்டுக் குறிப்பேட்டை எடுத்து, அவர் சொல்லி முடிக்கும்வரை எழுதுங்கள்.